ஆடுகளத்து அரசி அல்தியா கிப்சன்

பந்தடித்தால் வயிறு நிறையுமா என்று நம் ஊர்ப் பெரியோர் கேட்பது வழக்கம். இளைஞராகிய நாமோ, இக்காலத்து ஆட்டக்காரர் ஈட்டும் கோடிகளை எடுத்துக்காட்டி அக்கேள்வியை மடக்கிவிட்டதாக எண்ணிக்கொள்கின்றோம். ஆயினும், உலகிலே தமக்கு நிகரில்லை என்று யாவரும் ஒப்புக்கொண்ட பின்னரும் அதே கேள்விக்கு விடை தேடி அலைந்த ஒரு பெண்மணி வாழ்ந்திருக்கின்றார். அவரே அல்தியா கிப்சன் அம்மையார். டெனிஸ் விளையாட்டின் பெருஞ் சம்பியன் பட்டங்களுள் ஒன்றை வென்ற முதற் கறுப்பினத்தவர் அவர். நம் இலங்கைக்கும் ஒருமுறை ஆட வந்து சென்றவர். அவருடைய சரிதத்தை இம்மலரிலே எழுதப் புகுந்தமைக்கு இவையெல்லாம் காரணமாயினும், பெரியோரின் கேள்வியை நாம் மறக்க முடியாமையே முதற் காரணம்.

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தென்பகுதியிலுள்ள தென் கரோலினா மாநிலத்தில், சில்வர் என்னும் சிற்றூரிலே 1927 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 25 ஆம் திகதி அல்தியா பிறந்தார். தந்தையார் டானியல், தாயார் அனி பெல். இருவரும் பிறர் நிலத்திலே வாரத்துக்குப் பருத்தி செய்தவர்கள். கந்தளாய்க் குளத்து நீரை நம்பி வயல் விதைக்கும் தம்பலகாமத்து மக்களுக்கு வாரச் செய்கையின் இலாப நட்டத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. விளைச்சல் கெட்டாலும் விலை விழுந்தாலும் முதலிலே நொடிவது நிலமில்லாதவன் வீட்டு அடுப்பே. 1929 இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அவ்வீட்டையும் தாக்கிற்று. 1930 இல், தெற்கிலிருந்து வடக்கே பெயர்ந்த பல்லாயிரம் கறுப்பினக் குடும்பங்களோடு அவர்களும் நியூயோர்க் நகரத்து ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர்.

ஹார்லெமிலே அவர்கள் வாழ்ந்த 143 ஆம் வீதி பிள்ளைகள் விளையாடுவதற்கெனப் பகலில் வாகனப் போக்குவரத்துக்கு மூடப்பட்ட ஒரு வீதி. பொலிசாரின் விளையாட்டுக் கழகம் அங்கே கோடு கீறி, பலகை மட்டையால் ஆடும் பாடில் டெனிஸ் என்னும் சிறு ஆட்டத்தை நடத்திவந்தது. வீட்டுப் படியை விட்டு இறங்கினால் ஆடுகளம். அல்தியா இறங்கினார், பின் வீட்டுக்குள் ஏறுவதே அரிதாயிற்று. பள்ளிக்குச் செல்லாது ஒளித்துத் திரிந்தமைக்காகத் தந்தையாரிடம் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. அதே தந்தையார், தெருச் சண்டையிலே மகள் தோற்கலாகாதென்று குத்துச்சண்டையும் பழக்கிவிட்டார் என்பது வேடிக்கை. பன்னிரண்டாவது வயதில், 1939 இல், நியூயோர்க் நகரப் பெண்கள் பாடில் டெனிஸ் சம்பியன் ஆனார். பதின்மூன்று வயதளவில் பள்ளிக்கூடத்தை ஒரேயடியாகக் கைவிட்டார்.

இப்படிப்பட்ட பிள்ளையை நம் ஊரிலே என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கின்றோம். அடங்காப்பிடாரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஹார்லெமிலும் அப்படிச் சொன்னவர் இல்லாமற் போகவில்லை. ஆயினும் கோடைகாலத்திலே அவ்வீதியின் விளையாட்டை மேற்பார்த்த பட்டி வோக்கர் என்னும் இசைக்கலைஞர், அக்கையின் வீச்சைக் கண்டு, பழைய டெனிஸ் மட்டை வாங்கிக் கொடுத்தார். அவ்வயலிலே வாழ்ந்தவர்கள், அவர்களும் கைக்கும் வாய்க்குமாகக் காலங்கழித்தவர்களே, தமக்குள் பணம் தண்டி 1940 இல் கொஸ்மொபொலிற்றன் டெனிஸ் கழகத்திலே அவரைச் சேர்த்துவிட்டனர். அங்கே அவருக்கு ஆட்டம் பழக்கிய பிரெட் ஜோன்சன் ஒற்றைக் கையர்.

டெனிஸ் எக்காலத்தும் வசதி படைத்தோரின் ஆட்டம். நம் அயல் நாட்டிலே, 1934 இல், விம்பிள்டனில் ஒரு போட்டியை வென்ற முதல் இந்தியப் பெண்மணி என்னும் புகழைப் பெற்ற லீலா ராவ் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். தந்தையார் பம்பாயிலே வைத்தியர். தாயார் பண்டித க்ஷமா ராவ் வடமொழிக் கவிஞர், தாமும் டெனிஸ் ஆடியவர். அவ்வீட்டிலே மட்டை முன்னரே இருந்தது. அவருடைய திறமையைக் குறைத்துரைப்பது நம் கருத்தன்று. மட்டை இல்லாத வீட்டிலிருந்து வருபவருக்கு வழி எவ்வளவு நீளம் என்பதைச் சுட்டவே கூறினோம். நாம் கற்ற மிஷன் பள்ளிக்கூடத்திலும் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து உண்டு. டெனிஸ் களம் இருந்ததில்லை.

வறுமையோடு நிறமும் குறுக்கே நின்றது. அமெரிக்க டெனிஸ் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் நிறபேதம் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் தேசியப் போட்டியில் ஆடுவதற்கு முன்னர் வேறு போட்டிகளிலே புள்ளி சேர்க்க வேண்டும். அப்போட்டிகளோ பெரும்பாலும் வெள்ளையரை மாத்திரம் அனுமதிக்கும் கழகங்களிலேயே நடைபெற்றன. வீட்டுக் கதவு திறந்திருக்கும்; படலையிலே நாய் கட்டியிருக்கும். கோயில் வாசலையும் தேநீர்க்கடையின் வேறு குவளையையும் கண்ட நம் சமூகத்துக்கு இவ்வித்தை புதிதன்று. ஆகவே கறுப்பினத்தவர் 1916 இலேயே தமக்கென அமெரிக்க டெனிஸ் சம்மேளனம் ஒன்றை அமைத்து ஆடிவந்தனர். அச்சம்மேளனத்தின் சிறுமியர் பட்டத்தை 1944, 1945 ஆகிய ஆண்டுகளில் அல்தியா வென்றார். 1946 இல் பெண்கள் இறுதியாட்டத்திலே தோற்றார்.

அத்தோல்வியே அவர் வாழ்வைத் திருப்பிற்று. பார்வையாளரிடையே இருந்த இரு வைத்தியர்கள், வில்மிங்டன் நகரத்து ஹியூபேர்ட் ஈற்றன், லின்ச்பேர்க் நகரத்து ரொபேர்ட் வோல்டர் ஜோன்சன் என்போர், அவரைத் தம் பிள்ளைபோல் ஏற்றுக்கொள்ள முன்வந்தனர். பாடசாலைத் தவணையில் ஈற்றன் வீட்டிலே இருந்து படிப்பது, கோடை விடுமுறையில் ஜோன்சன் வீட்டிலே இருந்து ஆடுவது என்பது ஏற்பாடு. போகலாமா என்று தயங்கிய பெண்ணை, போய்ப் படி என்று ஊக்கியவர் குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ரொபின்சன். பத்தொன்பது வயதில், தம்மிலும் இளைய பிள்ளைகளோடு வகுப்பில் அமர்ந்து, 1949 இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தார். புலமைப்பரிசில் பெற்று புளோரிடா மாநிலத்துக் கறுப்பினத்தவர் கல்லூரியிற் சேர்ந்து 1953 இல் பட்டதாரியானார். வில்மிங்டனிலே பேருந்தில் பின்னிருக்கையிலே அமர வேண்டும் என்னும் சட்டத்தை அன்றாடம் அனுபவித்ததும் அப்படிப்போடு சேர்ந்த பாடமே. இதே ஜோன்சன் வைத்தியரின் கையிலேதான் பின்னாளில் ஆர்தர் ஆஷ் என்னும் சிறுவன் வளர்ந்து 1975 இல் விம்பிள்டன் ஆடவர் சம்பியன் ஆனான் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

1947 இலிருந்து கறுப்பினத்தவர் பட்டம் ஆண்டுதோறும் அவரையே சேர்ந்தது, தொடர்ச்சியாகப் பத்துமுறை. ஆயினும் பெரிய படலை திறக்கவில்லை. அதைத் திறக்க வைத்தவர் அலிஸ் மார்பிள் என்னும் வெள்ளைப் பெண்மணி. 1939 இல் விம்பிள்டன் வென்றவர். 1950 ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு டெனிஸ் சஞ்சிகையில் அவர் எழுதிய கடிதம், அல்தியாவை அழையாதிருப்பது தம் விளையாட்டுக்கே மானக்கேடு என்று தம் இனத்தாரையே இடித்துரைத்தது. சில வாரங்களில் அழைப்பு வந்தது.

1950 ஓகஸ்ட் மாதம் 28 ஆம் திகதி, தமது இருபத்துமூன்றாவது பிறந்தநாள் கழிந்து மூன்றாம் நாள், நியூயோர்க் நகரத்து போரஸ்ட் ஹில்ஸ் களத்தில் அல்தியா இறங்கினார். அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஆடிய முதற் கறுப்பினத்தவர் அவர். முதற் போட்டியை எளிதில் வென்றார். அடுத்து எதிர்ப்பட்டவர் லூயிஸ் புறோ. அவ்வாண்டும் அதற்கு முந்திய இரண்டாண்டுகளும் விம்பிள்டன் பட்டத்தை வைத்திருந்தவர். டெனிஸ் அறியாத பெரியோருக்காக ஒரு வார்த்தை: ஆறு கேம் வென்றால் ஒரு செட், பெண்கள் மூன்று செட்டில் இரண்டை வெல்ல வேண்டும், அக்காலத்தில் இறுதிச் செட்டிலே இரண்டு கேம் முந்தும்வரை ஆட்டம் நீண்டுகொண்டே போகும். முதற் செட்டை அல்தியா 1–6 என இழந்தார். இரண்டாவதை 6–3 என மீட்டார். மூன்றாவதில் 7–6 என முந்தி, இன்னும் ஒரே ஒரு கேம் மீதமிருந்த வேளையில் வானம் கறுத்தது. இடியும் மின்னலுமாக மழை கொட்டிற்று. அரங்கின் உச்சியிலிருந்த கற்கழுகுகளுள் ஒன்று மின்னல் தாக்கிக் கீழே விழுந்தது. ஆட்டம் மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. இரவு முழுதும் பத்திரிகையாளரின் கேள்விகளும் மனத்தின் கேள்விகளும். மறுநாட் காலையில் புறோ மூன்று கேமையும் தொடர்ந்து வென்று 9–7 என ஆட்டத்தை முடித்துவிட்டார். அந்த மழை வந்திராவிட்டால் என்று நாமும் எண்ணாமலில்லை.

1951 இல் விம்பிள்டனிலும் ஆடினார். அதன் பின் நான்காண்டுகள் அவர் வாழ்வு தேங்கி நின்றது. அமெரிக்காவின் முன்னணி வீராங்கனையருள் ஒருவராயிருந்தும் பெரும் பட்டம் எதுவும் கைகூடவில்லை. மிசூரி மாநிலத்து லிங்கன் சர்வகலாசாலையில் உடற்பயிற்சி ஆசிரியையாக உத்தியோகம் பார்த்தார். அதையும் டெனிசையும் விட்டுவிட்டு இராணுவத்தின் பெண்கள் படையிலே சேர்ந்துவிடவும் எண்ணினார்.

அவ்வேளையிலே கிழக்கிலிருந்து வழி திறந்தது. 1955 ஏப்ரிலில் பாண்டுங் மாநாடு நடந்து, ஆசிய ஆபிரிக்க மக்கள் நிமிர்ந்து நின்ற காலம் அது. அவ்வாண்டு ஓகஸ்டிலே மிசிசிப்பி மாநிலத்தில் எமெற் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்ட செய்தி உலகெங்கும் பரவி, அமெரிக்காவின் பெயரைக் கெடுத்திருந்தது. அந்நாட்டு வெளியுறவுப் பகுதியினர் நால்வர் கொண்ட டெனிஸ் குழு ஒன்றை நல்லெண்ணத் தூதாக அனுப்பினர். அதில் ஒருவர் அல்தியா. பர்மா, தாய்லாந்து, இந்தியா, பாகிஸ்தான், இலங்கை எனச் சுற்றினர். தம் நாட்டிலே பல கழகங்களின் வாசலை மிதிக்க முடியாத ஒருவரைத் தம் நாட்டின் நற்பெயருக்குச் சாட்சியாக அனுப்பினார்கள் என்பதை அவர் அறியாதிருந்திருக்க மாட்டார். எனினும், தம்மைப் போலவே கருநிறமுடைய மக்கள் திரண்டுவந்து தமக்காகக் கைதட்டியது அவருக்குப் புதிய தைரியத்தை அளித்தது. சுற்று முடிந்தும் நாடு திரும்பாது ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் தொடர்ந்து ஆடி, பதினெட்டுப் போட்டிகளிற் பதினாறை வென்றார். இந்தியாவிலே அறிமுகமான அஞ்சலா பக்ஸ்டன் என்னும் ஆங்கிலேய யூதப் பெண்மணி அவருடைய இணைபிரியாத் தோழியானார். நிறத்தால் ஒருவரும் மதத்தால் மற்றவரும் ஒதுக்கப்பட்டவர்கள். இரட்டையர் ஆட்டத்துக்கு வேறு எவரும் இருவரையும் தேடி வராத நிலையில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டனர்.

1956 இல் பிரெஞ்சுப் பட்டம் அல்தியாவின் கைக்கு வந்தது. நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட முதற் பெரும் பட்டம் இதுவே. அவ்வாண்டு பிரெஞ்சு, விம்பிள்டன் இரண்டிலும் இரட்டையர் பட்டத்தைத் தோழியர் இருவரும் சேர்ந்து வென்றனர். 1957 ஜூலையில் விம்பிள்டன் ஒற்றையர் இறுதியாட்டத்தில் டார்லின் ஹார்ட் என்பவரை 6–3, 6–2 என வென்றார். எலிசபெத் மகாராணியார் தம் கையாலேயே தட்டை வழங்கினார். திருகோணமலைத் துறைமுகத்தை அதே மகாராணியாரின் கடற்படை நம் நாட்டிடம் ஒப்படைத்ததும் அவ்வாண்டு ஒக்டோபரிலேதான். நாடு திரும்பிய அல்தியாவுக்கு நியூயோர்க் மாநகரம் வீதியிலே காகிதத் துணுக்குகள் சொரிந்து ஊர்வலம் எடுத்தது. செப்டெம்பரிலே போரஸ்ட் ஹில்ஸ் இறுதியாட்டம். எதிரே நின்றவர் ஏழாண்டுகளுக்கு முன் மழைக்குப் பின் வென்ற அதே லூயிஸ் புறோ. இம்முறை மழை வரவில்லை. 6–3, 6–2. அதே மாதத்தில் ஆர்கன்சோ மாநிலத்து லிட்டில் றொக் நகரிலே ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைய இராணுவக் காவல் வேண்டியிருந்தது. 1958 இல் விம்பிள்டன், அமெரிக்கா இரண்டு பட்டங்களையும் மீண்டும் வென்றார். ஒற்றையர் ஐந்து, இரட்டையர் ஐந்து, கலப்பு இரட்டையர் ஒன்று என அவர் வென்ற பெரும் பட்டங்கள் பதினொன்று.

தம் இனத்தின் உரிமைக்காக அவர் குரல் கொடுக்கவில்லை என்று கறுப்பினப் பத்திரிகைகளே குறைகூறின. தாம் ஓர் ஆட்டக்காரி, இனத்தின் தூதர் அல்லர் என்பது அவர் நிலை. இது பற்றி நம் மன்றத்து நண்பரிடையே இரு கருத்துண்டு. நம்மைக் கேட்டால், ஒவ்வொரு களத்திலும் முதலாவதாக, தனியாக இறங்கிய ஒருவரிடம் மேடைப் பேச்சையும் சேர்த்துக் கேட்பது சற்று அதிகம் என்போம்.

இனி, பெரியோரின் கேள்விக்கு வருவோம். இத்தனை வென்றவர் பெற்ற பணம் எவ்வளவு? பட்டங்களுக்காக ஒரு சதமும் இல்லை. அக்காலத்தில் பெரும் போட்டிகள் யாவும் அமெச்சூர்களுக்கே உரியவை. பரிசுப்பணம் கிடையாது; பொருள்களுக்கு விளம்பரம் செய்து கூலி பெறலாகாது; சங்கம் அளந்து கொடுக்கும் படிச்செலவு மாத்திரமே. பணத்துக்காக ஆடினால் தொழில்முறை ஆட்டக்காரர் என்று ஒதுக்கப்படுவர். விம்பிள்டன் வாசல் அடைபடும். ஆட்டத்தின் தூய்மையைக் காப்பதற்கென்று சொல்லப்பட்ட விதி இது. வீட்டிலே சொத்திருப்பவருக்கு இது விரதம்; வாரத்துக்குப் பருத்தி செய்தவன் மகளுக்குப் பட்டினி. நிறத்தின் வேலியை வெட்கப்பட்டாவது பிடுங்கினார்கள். இந்த வேலி ஒழுக்கம் என்னும் பெயரோடு நின்றதனால் அதைக் கண்டு எவரும் வெட்கப்படவில்லை.

1958 இன் பிற்பகுதியில், உலகின் முதலிடத்தில் இருக்கையிலேயே, அல்தியா அமெச்சூர் ஆட்டத்தை விட்டு விலகினார். ஆண்களுக்காவது ஒரு தொழில்முறைக் குழு ஊர் ஊராகச் சென்று ஆடிற்று. பெண்களுக்கு அதுவும் இல்லை. நல்ல குரல் உடையவராதலால் பாடல்களை இசைத்தட்டிலே பதித்தார், அது விலைபோகவில்லை. 1959 இல் வெளிவந்த ஒரு திரைப்படத்திலே அடிமைப் பெண்ணாக நடித்தார். கறுப்பினத்தவரை இழிவாகக் காட்டும் கொச்சை மொழியைப் பேச மறுத்து, வசனத்தை மாற்றுவித்த பின்னரே நடித்தார். பின்பு ஹார்லெம் குளோப்றொட்டர்ஸ் என்னும் கூடைப்பந்தாட்டக் குழுவோடு ஊர் சுற்றினார். கூடைப்பந்து தொடங்குமுன் அதே பலகைத் தரையிலே வலை கட்டி, ஆசியச் சுற்றிலே உடன்வந்த கறோல் பாகெரோஸ் என்பாருடன் காட்சிப் போட்டி ஆடுவது வேலை. நல்ல கூலி கிடைத்தது. மகாராணி கையால் தட்டு வாங்கியவர் கூடைப்பந்துக்கு முன்னுரையாக ஆடினார் என்று இரங்குவோர் உண்டு. நாம் இரங்கவில்லை. தம் கைத்தொழிலுக்கு முதன்முதலாகக் கூலி பெற்ற ஆண்டு அது. அந்த வருவாயை நம்பித் தாமே ஒரு சுற்றை ஒழுங்குசெய்தபோது நட்டமே மிஞ்சிற்று. 1960 இல் கிளீவ்லாந்து நகரிலே தொழில்முறை உலகப் பட்டத்தை வென்றார். பரிசு ஐந்நூறு டொலர். பின்னர் ஒரு பாண் கம்பனியின் விளம்பர உத்தியோகத்திலே சேர்ந்தார்.

டெனிஸ் சோறு போடாதென்று கண்டு, முப்பத்தேழாவது வயதில், 1964 இல், கொல்ஃப் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டார். பெண்கள் தொழில்முறைக் கொல்ஃப் சங்கத்தின் முதற் கறுப்பின உறுப்பினரும் அவரே. மீண்டும் பழைய கதை: சில கழகங்கள் களத்திலே ஆட விட்டுவிட்டு உடைமாற்றும் மண்டபத்தை மறுத்தன. அவர் தம் காருக்குள்ளிருந்து காலணி மாற்றிக்கொண்டு ஆடினார். 171 போட்டிகளில் ஆடியும் முதலிடம் கிட்டவில்லை. 1970 இல் ஒருமுறை இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டதே உச்சம். கொல்ஃப் வாழ்வு முழுவதிலும் பெற்ற பரிசுப்பணம் இருபத்தையாயிரம் டொலரைத் தாண்டவில்லை.

இதற்கிடையில் 1968 ஏப்ரிலிலே அமெச்சூர், தொழில்முறை என்னும் வேறுபாடு பெரும் போட்டிகளில் அகற்றப்பட்டது. அவ்வாண்டு விம்பிள்டன் வென்ற பில்லி ஜீன் கிங் அம்மையாருக்கு 750 பவுண் கிடைத்தது. ஆடவர் சம்பியனுக்கோ 2000. இந்த ஓரவஞ்சனையைப் பொறாத ஒன்பது பெண்கள் 1970 இல் ஹியூஸ்டன் நகரிலே ஆளுக்கொரு டொலருக்கு ஒப்பந்தம் எழுதித் தமக்கென ஒரு தனிச் சுற்றைத் தொடங்கினர். 1973 இல் பெண்கள் டெனிஸ் சங்கம் உருவாயிற்று. அவ்வாண்டே அமெரிக்கப் பகிரங்கப் போட்டி ஆண் பெண் இருபாலார்க்கும் சமபரிசு வழங்கிற்று. விம்பிள்டன் அதற்கு 2007 வரை காத்திருந்தது. கோடிகளைக் காட்டி நாம் பெரியோரை மடக்குகின்றோமே, அக்கோடிகள் வந்த வழி இதுதான். வழி திறந்தபோது அல்தியாவுக்கு வயது நாற்பது. மீண்டும் சில போட்டிகளில் இறங்கிப் பார்த்தார், கால்கள் இடங்கொடுக்கவில்லை.

பின்னர் ஏழைப் பிள்ளைகள் வாழும் நகரப் பகுதிகளுக்கு வலையையும் மட்டையையும் கொண்டுசென்று ஆட்டம் பழக்கும் வேலையைச் செய்தார். எழுபதுகளின் நடுவில் நியூ ஜேர்சி மாநிலத்தின் விளையாட்டு ஆணையாளராக நியமனம் பெற்றார். அமெரிக்காவில் அப்பதவியை வகித்த முதற் பெண் அவர். பணமும் அதிகாரமும் இல்லாத பதவி என்று கண்டு ஓராண்டிலே துறந்தார்.

முதுமை கொடிதாயிற்று. எண்பதுகளின் இறுதியிலிருந்து மூளையிலே இரத்தக்கசிவு, பக்கவாதம் எனப் பிணிகள் தொடர்ந்தன. வைத்தியச் செலவு இருந்ததையெல்லாம் விழுங்கிற்று. ஈஸ்ட் ஒரேஞ் நகரத்திலே, வாடகைக்கும் மருந்துக்கும் வழியின்றி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை சென்ற நிலையில், கடல் கடந்து இங்கிலாந்திலிருந்த அஞ்சலா பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்தார். நாற்பதாண்டுகளுக்கு முன் சேர்ந்து ஆடியவர். கைமணிக்கட்டு நோயினால் இருபத்திரண்டு வயதிலேயே ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தவர். அவர் முதலிலே தம் பணத்தை அனுப்பினார். பின் டெனிஸ் சஞ்சிகை ஒன்றிலே அல்தியாவின் நிலையைக் கடித மூலம் வெளியிடுவித்தார். உலகின் பல பாகங்களிலிருந்தும் தபாலுறைகள் வந்து குவிந்தன. சேர்ந்த தொகை ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலர். ஹார்லெமிலே மட்டைக்காகப் பணம் தண்டியவர்களுக்குப் பின், அவருக்காகப் பணம் தண்டியவர்கள் இவர்களே.

2003 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 28 ஆம் திகதி, எழுபத்தாறாவது வயதில், அல்தியா கிப்சன் அம்மையார் காலமானார். அதற்கு மூன்றாண்டு முன்னர், 2000 இல், வீனஸ் வில்லியம்ஸ் விம்பிள்டனை வென்றதைக் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது. நாற்பத்திரண்டாண்டுகளுக்குப் பின் அப்பட்டத்தை வென்ற அடுத்த கறுப்பினப் பெண் வீனஸ். அமெரிக்கப் பகிரங்கப் போட்டி நடைபெறும் பிளஷிங் மெடோஸ் வளாகத்தில் 2019 ஓகஸ்டிலே அல்தியாவின் சிலை திறக்கப்பட்டது. மறு ஆண்டு அஞ்சலா பக்ஸ்டனும் மறைந்தார். 2025 இல், பெண்மணிகளின் உருவம் தாங்கிய இருபத்தைந்து சத நாணய வரிசையின் இறுதிக் குற்றியாக, மட்டையோடு நிற்கும் அல்தியாவின் உருவத்தை அமெரிக்க நாணயச்சாலை வெளியிட்டது.